பீங்கான் பெட்டியில் வந்த புல்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. சனி, ஞாயிறு வந்தா வீட்டுக்குப் பின்னாடி புல் புடுங்கற வேலை. ஆக மொத்தம் வாரத்துல ஏழு நாளும் புடுங்கறதே பொழப்பாப் போச்சு :-) இந்தப் பதிவு அந்த ரெண்டாவது புடுங்கலைப் பத்தி.

நான் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே பக்கம் ஒரு வாடகை வீடு. பின்பக்கம் பூரா ஓக் மரங்கள். வெயில் படாததால் போட்ட புல் எதுவும் வரலை. ஆனா ஒரு புல் மட்டும் தானா முளைச்சு, மெத்தை விரிச்ச மாதிரி படர்ந்துச்சு. குட்டி மூங்கில் இலை போல இருக்கும், இலையில் நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளிக் கோடு. காசு செலவில்லாம பச்சை கிடைச்சுதேன்னு எனக்கு ஒரே குஷி. ரெண்டு வருஷம் முன்னாடி அக்டோபரில் அது பழுத்துச் சாய்ஞ்சதும் மெஷினை எடுத்து வெட்டினேன். நல்ல புள்ளையாட்டம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் எல்லை வரைக்கும் ஓட்டி விட்டேன்.

அடுத்த ஏப்ரலில் பாட்டி கூப்பிட்டுக் காட்டினாங்க. மெஷின் போன தடம் அப்படியே பச்சைக் கோடா முளைச்சிருந்தது. கோடு போய் முடிஞ்ச இடம் அவங்களோட டிரில்லியம் பாத்தி. மூணு இலை, மூணு இதழ் உள்ள காட்டுப்பூ அது. விதையிலிருந்து பூக்க ஏழு வருஷம் கூட ஆகும். இறந்து போன கணவரோட சேர்ந்து அவங்க வளர்த்த செடிகள். திட்டவே இல்லை. ஒரு நாற்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்து பேர் மட்டும் சொன்னாங்க: ஜப்பானிய ஸ்டில்ட்கிராஸ். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். கிடைச்ச சரித்திரம் இதுதான்.

அறிவியல் பேர் மைக்ரோஸ்டீஜியம் விமினியம். கணு தரையைத் தொடும் இடத்தில் எல்லாம் வேர் விட்டு ஊன்றி நிக்கும். அதனால்தான் ஸ்டில்ட், அதாவது பொய்க்கால். ஜப்பான், சீனா, நேபாளம், இந்தியான்னு ஆசியாவில் பல இடத்தில் இது சாதாரணப் புல்.

அமெரிக்காவில் இது இருந்ததுக்கு முதல் சாட்சி 1919-ல், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் சேகரித்த ஒரு மாதிரி. எப்படி வந்திருக்கும்? அந்தக் காலத்தில் காத்துக் குமிழி பிளாஸ்டிக் உறை ஏது, அது வந்ததே 1957-க்கு அப்புறம்தான். ஆசியாவிலிருந்து வந்த பீங்கான் சாமான் உடையாம இருக்க, பெட்டிக்குள் காய்ஞ்ச புல்லைத் திணிச்சு அனுப்புவாங்க, நாம மாம்பழக் கூடையில் வைக்கோல் வைக்கிற மாதிரி. அந்தத் திணிப்பில் இருந்த விதைதான் மூலம்னு தாவரவியலாளர்கள் கருதுறாங்க. சீனப் பேக்கிங் புல்னே இதுக்கு ஒரு பேர் உண்டு. பீங்கானைப் பத்திரமா எடுத்து அலமாரியில் வச்சிருப்பாங்க. புல்லைக் கொல்லையில் கொட்டியிருப்பாங்க, வேறென்ன!

இங்கே குட்ஸூன்னு இன்னொரு ஆக்கிரமிப்புக் கொடி உண்டு. அதோட கதை நேர் எதிர். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் ராஜ மரியாதையோட அறிமுகம். 1930-களில் மண் அரிப்பைத் தடுக்கணும்னு அரசாங்கமே விவசாயிகளுக்குக் காசு கொடுத்து நடச் சொல்லுச்சு. ஊருக்கே தெரிஞ்ச வில்லன். நம்ம புல்லை யாரும் அழைக்கலை, யாரும் நடலை, அதனால யாரும் கவனிக்கவும் இல்லை. 1960-க்குள் ஃப்ளோரிடா தொடங்கி நியூ ஜெர்சி வரைக்கும் அட்லாண்டிக் கரை மாநிலங்கள் எல்லாத்திலும் பரவியாச்சு. ஃபேர்பிரதர்ஸ், கிரேன்னு ரெண்டு பேர் இந்தப் பரவலைத் தொகுத்துக் கட்டுரை வெளியிட்டது 1972-ல். அதாவது முதல் மாதிரி கிடைச்சு 53 வருஷம் கழிச்சு! இன்னிக்கு 25-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கு.

சரி, நிழல்ல எப்படி இந்தப் போடு போடுது? கரும்பு, மக்காச்சோளம் மாதிரி இதுவும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் புல். அந்த வகையறாவுக்குப் பொதுவா நல்ல வெயில் வேணும். இது விதிவிலக்கு. முழு வெயிலில் 5 சதவீதம் வெளிச்சம் கிடைச்சாலே வளர்ந்து விதை போட்டுடும். மானும் ஒரு காரணம். வேட்டையாடி 1900 வாக்கில் ரொம்பக் குறைஞ்சு போன வெள்ளைவால் மான்கள், பாதுகாப்புச் சட்டங்களுக்கு அப்புறம் பல மடங்கு பெருகிடுச்சு. அதுங்க டிரில்லியத்தை ருசிச்சுத் தின்னும், இந்தப் புல்லைத் தொடாது. காலியான இடத்தில் யார் வருவா? இவர்தான்.

மிச்ச உதவியை நாமளே செய்யறோம். வெள்ளத்தில் மிதக்கும், ஷூ சேற்றில் ஒட்டும், டயரில் போகும், புல்வெட்டும் மெஷினில் ஏறிக்கும். 1919-ல் பெட்டியைக் கொட்டினவருக்கும் அக்டோபரில் மெஷின் ஓட்டின எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டு பேருமே சுத்தம் பண்றதாத்தான் நினைச்சோம்.

இதன் பலவீனமும் இருக்கு: இது ஒரு வருஷப் புல். பனி விழுந்தா செத்துடும். அடுத்த வருஷம் வரணும்னா விதை மட்டும்தான் வழி. ஒரு செடி 100 முதல் 1000 விதை போடும், மண்ணில் 3 முதல் 5 வருஷம் உயிரோட இருக்கும். ஜூன், ஜூலையில் வெட்டினா திரும்பக் கிளைச்சு, குட்டையாவே பூத்து விதை போட்டுடும். அக்டோபரில் வெட்டினா நாமளே விதைச்ச மாதிரி. ஆகஸ்ட் நடுவிலிருந்து பூ வர்றதுக்குள்ள வெட்டணும், இல்லே பிடுங்கணும். அப்போ மறுபடி வளர்ந்து பூக்க அதுக்கு நேரம் இருக்காது. வேர் ஆழமில்லை, குழந்தை இழுத்தாலும் வந்துடும். பூத்துட்டா மட்டும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்க, உரக்குழியில் போடாதீங்க. நல்லவேளையா ஆகஸ்ட்ல டிரில்லியம் மேலே காய்ஞ்சு கிழங்கா மண்ணுக்குள் தூங்கும், ஆனாலும் அந்தப் பாத்தியில் கையால் மட்டும்தான்.

போன ஆகஸ்ட்ல பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து இடம் காட்ட, நான் பிடுங்கினேன். எட்டு மூட்டை. இந்த ஏப்ரலில் பச்சைக் கோடு திரும்ப வந்துச்சு, ஆனா நிறைய இடைவெளி விட்டு. டிரில்லியம் பதினொண்ணு பூத்ததுன்னு பாட்டி எண்ணிச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி எத்தனை இருந்துச்சுன்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை. மண்ணில் இன்னும் விதை இருக்கு, குறைஞ்சது மூணு ஆகஸ்ட் பாக்கி.

டிஸ்கி: நாக்ஸ்வில் வழியாப் போகும் ஐ-40 நெடுஞ்சாலைதான் எங்க ராலேக்கும் வருது. சும்மா தகவலுக்கு :-) அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருக்கற மக்களே, உங்க வீட்டு நிழலில் வெள்ளிக் கோடு போட்ட இலை இருக்கான்னு இந்த வாரக் கடைசியில் குனிஞ்சு பாருங்க. இருந்தா பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.