கோட்டா கோ கம

கொழும்பு மாநகரின் காலிமுகத்திடலில், ஜனாதிபதி செயலகத்தின் வாசலையொட்டி, 2022 ஏப்ரல் 9 முதல் இளைஞர்கள் அனுமதியின்றிக் கூடாரமடித்துக் குடியேறி உண்டாக்கிய போராட்டக் கிராமம் இது. எரிபொருளும் சமையல் வாயுவும் மருந்தும் அருகி, ஜனங்கள் நீண்ட வரிசைகளில் இரவும் பகலும் காத்துத் தவித்த பொருளாதார வீழ்ச்சியே இதன் காரணமாகும். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விலகவேண்டும் என்ற கோரிக்கையே, கிராமத்தைக் குறிக்கும் 'கம' என்னும் சிங்களச் சொல்லோடு சேர்ந்து, இதற்குப் பெயருமாயிற்று. கட்சி சாராதோர் பலர் கலந்திருந்தபோதிலும், அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தினரும், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கட்சியிலிருந்து பிரிந்த முன்னிலை சோசலிசக் கட்சியினருமே இதன் தீவிர இடதுசாரிப் பிரிவினராக விளங்கினர்.

நூலகம், இலவசச் சமையற்கூடம், வைத்திய முகாம், மக்கள் பல்கலைக்கழகம் ஆகியவற்றைத் தம் உழைப்பாலும் பொதுமக்களின் தானத்தாலும் நடத்திய இவ்விளைஞர்கள், தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினர். மே 18 அன்று, 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் மாண்ட தமிழரை நினைந்து, அங்கே சிக்கியிருந்தோர் உண்ட, உப்பும் அரிசியுமான கஞ்சியைத் தலைநகரின் நடுவிலேயே பகிர்ந்துண்டனர். தமிழர்தம் துயரம் முற்றும் உணரப்பட்டதென்று இதனாற் கூறவியலாதாயினும், இச்செயல் சரித்திரத்தில் விசேஷமாகக் குறிக்கத்தக்கது.

இதற்கு முன்னரே, மே 9இல் ஆளுந்தரப்பினர் கூடாரங்களைத் தாக்கி எரித்தனர். அன்றே பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ விலகினார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. 13ஆம் தேதி நாட்டைவிட்டகன்ற கோட்டாபய, மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 விடியுமுன், படையினர் புகுந்து அடித்துக் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தனர்.