வீட்டுக் கணினிக்கான நச்சுநிரல் தடுப்பியும் தீச்சுவரும்

நச்சுநிரல் தடுப்பி என்பது வைரஸ் எனப் பரவலாக அழைக்கப்படும் நச்சுநிரல்களையும், புழு, டிரோஜன் போன்ற பிற தீநிரல்களையும் கண்டறிந்து நீக்கும் மென்பொருள் ஆகும். ஆன்டிவைரஸ் என்பது இதன் வழக்குப் பெயர். தீச்சுவர் அல்லது ஃபயர்வால் என்பது கணினிக்கும் பிணையத்துக்கும் இடையே செல்லும் தரவுப் பொட்டலங்களை விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது மறுக்கும் அமைப்பு ஆகும். முன்னது கோப்புகளைப் பார்க்கிறது. பின்னது இணைப்புகளைப் பார்க்கிறது. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. வீட்டுக் கணினிக்கு இவற்றைத் தெரிவு செய்யும்போது, விற்பனைப் பெட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ள வசதிகளைக் காட்டிலும், அவ்வீட்டுக்குள் தீநிரல் எவ்வழியாக வருகிறது என்பதே முதலில் அறியத்தக்கது.

தீநிரல் நுழையும் வழிகள்

தனிமேசைக் கணினிகளைத் தாக்கிய தொடக்ககால நச்சுநிரல்களுள் பெயர்பெற்றது 1986-இல் பாக்கித்தானின் லாகூரில் எழுதப்பட்ட பிரெயின் ஆகும். அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்து, வட்டு கைமாறும் இடமெல்லாம் சென்றது. அக்காலத்தில் இணைய இணைப்பு வீடுகளில் இல்லாமையால் தீச்சுவருக்குத் தேவை எழவில்லை.

2003 ஆகத்து மாதம் பரவிய பிளாஸ்டர் புழு இந்நிலையை மாற்றியது. பயனர் எந்தக் கோப்பையும் திறக்காமலே, இணையத்துடன் இணைந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்குள் அது நுழைந்தது. அறுபது நொடிகளில் கணினி நிறுத்தப்படும் என்ற அறிவிப்புச் சாளரத்தைக் கண்டவர் பலர். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. எக்ஸ்பியில் 2001 முதலே ஒரு தீச்சுவர் இருந்தது. ஆனால் இயல்பாக அது இயக்கப்படவில்லை. 2004 ஆகத்தில் வெளிவந்த இரண்டாம் சேவைத் தொகுப்பே அதனை இயல்பாக இயக்கி வைத்தது.

இந்தியாவில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை இணைப்பு 2005-இல் தொடங்கியது. 256 கிலோபிட்டு வேகமும் மாத அளவுக் கட்டுப்பாடும் கொண்ட அவ்விணைப்புகளில் இற்றைப்படுத்தல்களைப் பதிவிறக்குவது பலருக்குச் சுமையாகத் தோன்றியது. மேலும், விண்டோசின் திருட்டுப் படிகளைப் பயன்படுத்தியோர், தாம் கண்டறியப்படலாம் என்ற அச்சத்தால் தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்தனர். உண்மையில், இன்றியமையாத பாதுகாப்புத் திருத்தங்கள் திருட்டுப் படிகளுக்கும் தானியங்கி முறையில் வழங்கப்பட்டு வந்தன. அச்சத்தால் கதவைத் திறந்துவைத்த கதை இது.

தமிழ்நாட்டு மாணவர்கள் நன்கறிந்த வழி பென் டிரைவ் ஆகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள நாகமலை புதுக்கோட்டை போன்ற கல்லூரிப் புறநகர்களில், திட்ட அறிக்கையை அச்சிட நகலெடுப்புக் கடைக்கோ இணைய மையத்துக்கோ பென் டிரைவுடன் செல்வது வழக்கம். பலருடைய பென் டிரைவுகள் செருகப்படும் ஒரே கணினி, பொதுக் கிணறு போன்றது. தானியங்கி அமைப்புக் கோப்பு ஒன்றின் உதவியால், பென் டிரைவைச் செருகித் திறந்த உடனேயே தீநிரல் இயங்கும். வேறு சில, கோப்புறையின் படவுருவை அணிந்துகொண்ட நிரலாக அமர்ந்திருக்கும். ஷார்ட்கட் வைரஸ் எனப்படுபவை உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிகளை உருவாக்கும். கோப்புகள் அழிந்துவிட்டதாக எண்ணிப் பென் டிரைவை வடிவமைத்து, அதனாலேயே அவற்றை இழந்தவர்கள் உண்டு. மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கினாலே அவை பெரும்பாலும் தென்படும்.

2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் புழு, பிணையம், பென் டிரைவ் ஆகிய இரு வழிகளையும் பயன்படுத்தியது. 2009-இல் வெளியான விண்டோஸ் 7, பென் டிரைவிலிருந்து நிரல் தானாக இயங்குவதை நிறுத்தியது. 2011 பெப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்கும் அம்மாற்றம் வழங்கப்பட்டது. அதன்பின் தீநிரல்கள் மின்னஞ்சல் இணைப்புகளையும், போலிப் பதிவிறக்கங்களையும், விலைமிக்க மென்பொருள்களின் உரிமப் பூட்டை உடைப்பதாகக் கூறும் கிராக் கோப்புகளையும் நாடின. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயநிரல்களும் இவ்வழிகளில் வருகின்றன.

செயற்படும் முறை

தடுப்பி தன்னிடமுள்ள அடையாளப் பட்டியலுடன் கோப்பை ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத புதியவற்றை, நிரலின் அமைப்பையும் இயங்கும்போது அதன் நடத்தையையும் கொண்டு ஊகிக்கிறது. ஐயத்துக்குரிய கோப்பின் விவரத்தை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பிக் கேட்கும் முறையும் உண்டு. ஊகம் இருக்குமிடத்தில் பிழையும் இருக்கும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஓர் இற்றைப்படுத்தல், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே நச்சுநிரல் எனக் கருதி அகற்றியதால் உலகெங்கும் கணினிகள் முடங்கின. தமிழ்த் தட்டச்சுக் கருவிகளுள் சில, விசைப்பலகையின் ஒவ்வோர் அழுத்தத்தையும் இடைமறித்தே எழுத்தை மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் நிரல்களும் இதே நுட்பத்தைக் கையாள்வதால், இக்கருவிகள் தவறாக ஐயுறப்பட இடமுண்டு.

இந்தியத் தயாரிப்புகள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் 1991-இல் ஜெ. கேசவர்தனனால் தொடங்கப்பட்டது. இந்தியாவில் மட்டுமன்றி சப்பானிலும் இதன் தொழில்நுட்பம் விற்பனையானது. அங்கு சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் தன் பெயரில் விற்ற தடுப்பியின் பொறி கே7-உடையதாகும். புனேயில் கணக்குப்பொறி பழுதுபார்க்கும் கடை நடத்திய கைலாசு கட்கரும் அவருடைய தம்பி சஞ்சய் கட்கரும் 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கிய குவிக் ஹீல் மற்றொன்று. அந்நிறுவனம் 2016-இல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

நடுவண் அரசின் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2004 முதல் இயங்குகிறது. அது 2017 பெப்ரவரியில் சைபர் சுவச்சதா கேந்திரம் என்ற மையத்தைத் தொடங்கி, தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கியது. பென் டிரைவ் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் யு.எஸ்.பி. பிரதிரோத் என்ற சிடாக் நிறுவனக் கருவியும் அவற்றுள் ஒன்று.

தெரிவு

தெரிவின் முதற்படி இயங்குதளம் ஆகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. திருத்தங்கள் வராத இயங்குதளத்தின் ஓட்டைகளை எந்தத் தடுப்பியாலும் முழுமையாக அடைக்க இயலாது. பழைய கணினிக்குப் புதிய தடுப்பியை விலைகொடுத்து வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குப் பூட்டு வாங்குவதை ஒக்கும்.

2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல், டிஃபெண்டர் என்ற தடுப்பி இயங்குதளத்துடனேயே வருகிறது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் இதே பெயரில் இருந்த நிரல் உளவுநிரல்களை மட்டுமே நீக்கியது. பெயர் ஒற்றுமையால் ஏற்படும் குழப்பம் இன்றும் தீரவில்லை. ஆதரவிலுள்ள விண்டோசை முறையாக இற்றைப்படுத்தி வரும் வீட்டுப் பயனருக்கு டிஃபெண்டரும் உடன்வரும் தீச்சுவருமே பெரும்பாலும் போதுமானவை. விண்டோஸ் 10-இல் 2017 முதல் உள்ள கோப்புறைக் காப்பு வசதி, அறியப்படாத நிரல்கள் ஆவணங்களைத் திருத்துவதைத் தடுக்கிறது. பணயநிரலுக்கு எதிராகப் பயன்தரும் இவ்வசதி இயல்பாக இயக்கப்படுவதில்லை. பயனரே இயக்க வேண்டும்.

தனியே வாங்க விரும்புவோர் செருமனியின் ஏவி-டெஸ்ட், ஆத்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் முடிவுகளைக் காணலாம். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, கணினி வேகத்தின் மீதான தாக்கம், தவறான எச்சரிக்கைகள் உள்ளிட்ட பயன்படுதன்மை ஆகிய மூன்றுக்கும் தலா ஆறு புள்ளிகள் வழங்குகிறது. ஒரு மாத முடிவைவிட, பல முடிவுகளில் ஒரே தரத்தைக் காப்பதே கருதத்தக்கது. நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிக்கு இரண்டாவது அளவுகோலே பல வேளைகளில் தீர்ப்பாக அமையும்.

இலவசம் என்பது எப்போதும் விலையின்மை ஆகாது. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் உலாவல் தரவுகளை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 சனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்துமாறு அவாஸ்டைப் பணித்தது. கோப்புகள் அனைத்தையும் படிக்கும் உரிமையுள்ள மென்பொருளைத் தருபவர் யார் என்பதும் தெரிவில் அடங்கும்.

இரு தடுப்பிகளை ஒருசேர இயக்குதல் கூடாது. ஒரே கோப்பை இரண்டும் பிடிக்க முயல்வதால் கணினி மந்தமாகும். ஒன்றையொன்று ஐயுறுவதும் உண்டு. புதிய மடிக்கணினியுடன் வரும் சோதனைக்காலத் தடுப்பி, காலம் முடிந்தபின் பெயரளவிலேயே எஞ்சும். அதனை நீக்கிவிடுதல் நலம். பிற தடுப்பி இல்லாதபோது டிஃபெண்டர் தானே இயங்கத் தொடங்கும். கிராக் செய்யப்பட்ட தடுப்பியோ தெரிவுகளுள் மிகத் தீயது. அதனை நிறுவுவதற்காக முதலில் இருக்கும் தடுப்பியை நிறுத்துமாறு கேட்கப்படுகிறது. கேட்பவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

தீச்சுவர்

எக்ஸ்பியின் தீச்சுவர் உள்வரும் இணைப்புகளை மட்டுமே தடுத்தது. வெளிச்செல்பவற்றையும் கண்காணிக்க ஜோன்அலாரம் போன்ற தனி மென்பொருள்கள் அக்காலத்தில் விரும்பப்பட்டன. விஸ்டா முதல் விண்டோசிலேயே அவ்வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் அனுமதி கேட்கும் தீச்சுவர், சில நாட்களில் பயனரை எதற்கும் ஆம் என்று அழுத்தப் பழக்கிவிடுகிறது.

பல கணினிகள் ஒரு முகவரியைப் பகிரும் வகையில் அமைந்த மோடம், வெளியிலிருந்து தொடங்கப்படும் இணைப்புகளைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. ஆனால் மோடமும் ஒரு கணினியே. 2017 சூலையில் பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் இருந்த மோடம்களைத் தீநிரல் தாக்கியபோது, தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாதவையே இலக்காயின. கணினியில் நிறுவப்படும் எந்த மென்பொருளும் இக்கடவுச்சொல்லை மாற்றித் தராது.

லினக்சு

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் சிடாக்கின் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டு வழங்கப்பட்டது. விண்டோசுக்கென எழுதப்பட்ட தீநிரல் லினக்சில் பொதுவாக இயங்காது. ஆகவே ஐயத்துக்குரிய பென் டிரைவைத் திறந்து பார்க்கவும், மறைந்த கோப்புகளை மீட்கவும் அது உதவுகிறது. திறமூலத் தடுப்பியான கிளாம்ஏவி லினக்சில் கிடைக்கிறது.

சோதித்தல்

நிறுவப்பட்ட தடுப்பி விழிப்புடன் உள்ளதா என்பதை உண்மையான நச்சுநிரலைக் கொண்டு சோதித்தல் கூடாது. இதற்கென ஐகார் அமைப்பு உருவாக்கிய சோதனைக் கோப்பு உள்ளது. 68 குறிகளால் ஆன அக்கோப்பு எத்தீங்கும் செய்யாது. எனினும் தடுப்பிகள் அதனை நச்சுநிரலாகவே நடத்துகின்றன. அதனைச் சேமித்த பின்னும் எச்சரிக்கை எழாவிடின், தடுப்பி நிறுத்தப்பட்டிருக்கலாம் அல்லது காலாவதியாகியிருக்கலாம்.