டிபி-303: பம்பாய் வழியாக ஒரு பயணம்

பூனாவின் லோஹேகாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது கேஸ்னந்த். 2016 டிசம்பரில் அங்கேதான் சன்பர்ன் இசைவிழா நடந்தது. பெருங்கூட்டம் ஆடித் தீர்த்த அந்த மின்னணு இசையில் 'ஆசிட்' என்றொரு கிளை உண்டு. வழுக்கி, நெளிந்து, கீச்சிடும் அதன் அடிக்குரலைத் தந்தது ஒரு சின்ன ஜப்பானியப் பெட்டி. அது அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, பம்பாயில், 1982-லேயே ராகங்களோடு சேர்ந்து ஒலித்துவிட்டது. பூனாவில் ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

ரோலண்ட் நிறுவனத்துக்காக டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த அந்தப் பெட்டி, டிபி-303, 1981-இல் கடைக்கு வந்தது. பாஸ் வாசிக்க ஆள் இல்லாத கிடார் கலைஞருக்குத் துணையாக இருக்கட்டும் என்பது நோக்கம். அது நிறைவேறவில்லை. நிஜ பாஸ் போல அது ஒலிக்கவே இல்லை. ஸ்வரங்களை ஒரு முறையும் அவற்றின் காலப்பிரமாணத்தை இன்னொரு முறையும் தனித்தனியாகப் பதிய வேண்டியிருந்தது வேறு. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984-இல் உற்பத்தி நின்றது.

அதற்குள் ஒன்று சிங்கப்பூரில் சரண்ஜித் சிங்கின் கைக்கு வந்திருந்தது. ஆர்.டி. பர்மன் முதலானோரின் இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்தவர் அவர். தாளத்துக்கு டிஆர்-808 தாளப்பெட்டி, அடியில் ஓயாமல் சுழல 303, மேலே ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரில் விரலால் ராகம். இப்படிப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ் மூன்றும் அதில் உண்டு. நம் கர்நாடக இசையில் அவை மோகனம், கல்யாணி, இந்தோளம். எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு, மலிவாகக் கிடைத்த பழைய 303-ஐ வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டதும் உலகமே அந்தப் பெட்டியைத் தேடியது. சிங்கின் தட்டுக்கு 2010-இல்தான் மறுபதிப்பு வந்தது. ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை அவர் நேரில் வாசிக்கவும் முடிந்தது. 2015-இல் மும்பையில் காலமானார்.

இன்று அசல் 303 லட்சங்களில் விலை போகிறது. ரோலண்டின் டிபி-03, பெஹ்ரிங்கரின் டிடி-3 போன்ற மறுபிறவிகள் எளிதாகக் கிடைக்கின்றன. வித்தையைப் பழக அவையே போதும். அசலுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

வித்தை இதுதான். பதிந்த வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருக வேண்டும். 'கட்ஆஃப்' குமிழைக் குறைத்து 'ரெசொனன்ஸ்' குமிழை ஏற்றினால் குரல் மூக்கடைத்துக் கூவும். 'ஸ்லைடு' வைத்த ஸ்வரம் புதிதாகத் தட்டி எழாமல் அடுத்ததற்குள் வழுக்கிச் செல்லும்; நம் காதுக்கு அது ஜாரு. அடுத்தடுத்து 'ஆக்ஸென்ட்' வைத்தால், உள்ளிருக்கும் மின்தேக்கி முழுதாக வடிய நேரமில்லாமல், ஒவ்வொரு அடியும் முந்தியதைவிடக் கூராக எழும். அசல் பெட்டியில் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டால் நினைவகம் அரைகுறையாகக் கலைந்து, யாரும் எழுதாத வரிசைகள் முளைக்கும்.

இந்தோளத்தின் ச, க, ம, த, நி ஐந்தையும் பதினாறு அடிகளில் நிரப்புங்கள். நி-யிலிருந்து மேல் ச-வுக்கு மட்டும் ஸ்லைடு வையுங்கள். த-வில் ஆக்ஸென்ட். 'டீகே' குமிழைக் குறைத்துத் தொடங்கி மெல்ல மெல்லத் திறந்து பாருங்கள்.