மறையெழுத்தும் ஆட்சியாளரும்

அரபு மொழியில் 'முஅம்மா' என்றொரு சொல் உண்டு. குருடாக்கப்பட்டது என்பது அதன் நேர்பொருள். படிப்பவனுக்குப் பொருள் புலப்படாதவாறு எழுதப்பெற்ற மறையெழுத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. அதனைத் திறக்கும் கலை குறித்து இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது, பக்தாதில் வாழ்ந்த தத்துவப் பேரறிஞர் அல்கிந்தீ இயற்றிய சிறு நூலாகும். கி.பி. 873 அளவில் அவர் மறைந்தார் என்பர். இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடந்த அந்நூல், 1987இல் திமிஷ்கில் அச்சேறிற்று.

அவர் கண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரு மொழியின் நெடிய உரைப்பகுதியை எடுத்து, எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணுக. மறையெழுத்திலுள்ள குறிகளையும் அவ்வாறே எண்ணுக. மிகுதியாய் வரும் குறி, மிகுதியாய் வரும் எழுத்தாதல் கூடும். அவர் எண்ணிய 3,667 எழுத்துகளுள் அலிஃப் மட்டும் 600. அடுத்தது லாம். நானும் ஒருமுறை மாணவரைக் கொண்டு ஒரு பக்கத்தை எண்ணச் செய்தேன், அலிஃபே முந்திற்று!

இக்கலை அரசவைக்கு அருகில் வளர்ந்ததில் வியப்பில்லை. அப்பாசியரின் 'பரீத்' என்னும் அஞ்சல் துறைத் தலைவர், மாகாணச் செய்திகளைக் கலீஃபாவுக்கு ஒற்றறிந்து உரைப்பவராயும் இருந்தார்.

நிற்க. பிறர் மடலைத் திறக்க ஆட்சியாளனுக்கு உரிமை உண்டா? ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்கு முன்னர், படை புறப்படும் செய்தியைக் குறைஷியருக்கு எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார் ஹாதிப் (ரலி). அலீ (ரலி) முதலானோர் வழியில் அவளை மறித்து, கூந்தலில் ஒளித்த மடலைக் கைப்பற்றினர். நாட்டின் உயிர் ஊசலாடுங்கால் மடலைப் பறிப்பது முறையே என்பதற்கு இது சான்று. ஆயினும் அவர்கள் தேடியது ஒரு பெண்ணை, ஒரு மடலை; வழிப்போக்கர் அனைவரையும் அன்று. ஹாதிபின் விளக்கத்தைப் பெருமானார் (ஸல்) ஏற்றார்கள். அவர் தலையைக் கொய்ய அனுமதி வேண்டி நின்றவர் உமர் (ரலி).

அதே உமர் (ரலி) கலீஃபாவானபின், ஓரிரவு ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே மது அருந்தியவனைக் கண்டார் என்பது நூலோர் தரும் செய்தி. 'நான் செய்தது ஒரு பிழை. தாங்கள் செய்தவை மூன்று: துருவினீர், வாயில் வழி வரவில்லை, ஸலாம் உரைக்கவில்லை' என்றானாம் அவன். கலீஃபா திரும்பிச் சென்றார்.

மேனாட்டிலும் ஒரு நிகழ்ச்சி. 1586இல் இங்கிலாந்தில் சிறையிருந்த மேரி அரசியின் மறைமடல்கள் மதுப்பீப்பாய் வழியே போய்வந்தன. அவை எலிசபெத் அரசியைக் கொல்லும் சதியைத் தாங்கியிருந்தன, சதி பொய்யன்று. அமைச்சர் வால்சிங்கத்தின் ஆளான பிலிப்ஸ் அவற்றைத் திறந்து படித்தார். அத்துடன் நின்றாரா? சதிகாரர் பெயர்களைக் கேட்டு, மேரி எழுதியதுபோல் ஒரு பின்குறிப்பையும் சேர்த்தார். திறக்க வல்லவன் எழுதவும் வல்லவன் என்பதே எனக்கு அச்சமூட்டுவது. 1587 பிப்ரவரியில் மேரியின் தலை வீழ்ந்தது.

கணினி வந்தபின், எழுத்தை எண்ணிக் காணும் வழி பயனற்றுப் போயிற்று. எனவே ஆட்சியாளர் திறவுகோலையே கேட்கலாயினர். 1993இல் அமெரிக்க அரசு, தொலைபேசிகளுக்கென 'கிளிப்பர்' என்னும் சில்லை முன்வைத்தது. அதன் திறவுகோல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரு அரசு அலுவலகங்களில் இருக்கும். மறுஆண்டே மாட் பிளேஸ் என்னும் ஆய்வாளர் அவ்வேற்பாட்டை ஏய்க்கும் வழியைக் காட்டினார். திட்டம் கைவிடப்பட்டது.

2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைஞனின் கைப்பேசியைத் திறக்கத் துணைபுரியும் மென்பொருளை ஆக்கித் தருமாறு 2016 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒன்றுக்கெனச் செய்யும் கருவி எல்லாவற்றையும் திறக்கும் என்று நிறுவனம் மறுத்தது. மார்ச் மாத இறுதியில், வேறொருவர் உதவியால் திறந்துவிட்டதாகக் கூறி அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. நிறுவனம் மறுத்தது முறைதானா என்பதற்கு மேல்மன்றத் தீர்ப்பு எதுவும் எழவில்லை.