பட்டறையில் அறை இல்லை

கவிதைப் பட்டறை, நடிப்புப் பட்டறை, ஒளிப்படப் பட்டறை என்று எங்கு பார்த்தாலும் பட்டறை நடக்கிற காலம் இது. தொடக்கவுரைக்கு வருபவர் சிலர் ஒரு சொல்விளக்கமும் தருகிறார்கள்: பட்டறிவு தரும் அறை, ஆகவே பட்டறை. கூட்டம் கைதட்டுகிறது, விளக்கம் நிலைத்துவிடுகிறது. கேட்க இனிமையாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

இந்தப் பிழை மேடையோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வீட்டில் தச்சு வேலைக்கு இடம் ஒதுக்க நினைப்பவர்களும் முதலில் அறையைத்தான் தேடுகிறார்கள். பத்துக்குப் பத்தில் ஓர் அறை, சுவர் முழுக்க உளிகள், மூலையில் மின்ரம்பம். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, பலகையை இழைக்கப் போகும்போதுதான் அதை எதன்மேல் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பட்டறை என்ற சொல்லே பிறந்தது. அடியைத் தாங்கும் கட்டைக்கும் கல்லுக்கும் இரும்புக்கும் முதலில் அது பெயர். இடத்துக்கு ஆகிவந்தது பிற்பாடு.

சொல்லின் பழைய வடிவம் பட்டடை. கூடாநட்பு அதிகாரத்தின் முதற்குறளை (821) அறியாதவர் யார்? மனம் ஒட்டாதவரின் நட்பை வள்ளுவர் பட்டடைக்கு ஒப்பிடுகிறார். பட்டடை தன்மேல் வைத்த பொருளைத் தாங்குவது போலவே இருக்கும். சம்மட்டி இறங்கும்போதோ வெட்டுக்குத் துணைபோகும். இங்கே பட்டடையை அறை என்று கொண்டால் உவமையே குலைந்துபோகிறது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் பட்டடை உண்டு. அங்கே அது இசைச்சொல். அடியார்க்குநல்லார் அதை இளி நரம்பின் பெயர் என்கிறார், எல்லாப் பண்களுக்கும் அடிமணையாக இருப்பதால் அப்படிப் பெயர் பெற்றது என்று காரணமும் சொல்கிறார். அடிமணை என்ற ஒரு சொல் போதும். கொல்லனுக்கு இரும்பு படிகிற அடி, பாணனுக்குப் பண் படிகிற அடி, இரண்டும் பட்டடை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் பட்டடைக்கு முதற்பொருளாக அடைகல்லைத்தான் தருகிறது. கொல்லன் களரி என்பது அதற்கு அடுத்த பொருள்.

படு, அடை என்று பிரிப்பதே நேர்வழி. படுதல் மேலே விழுதல், அடை தாங்கல். டகரம் டகரமாக அடுக்கி வருவது நாவுக்குப் பாரம் என்பதால் கடைசி டகரம் றகரமாக நெகிழ்ந்திருக்கலாம். அறைதல் என்றால் அடித்தல், ஆகவே பட்டறை என்பாரும் உண்டு. அவர்கள் பட்டடையை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

அறையில்லாப் பட்டறையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் பெரம்பலூர்ப் பக்கம் போகலாம். சின்ன வெங்காயத்தை அறுவடை செய்து, தரையில் படாமல் உயர்த்தி, காற்றுப் புகும்படி தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து வைக்கிறார்கள். அதற்கு வெங்காயப் பட்டறை என்று பெயர். அடிதாங்கலின் மேல் குவித்த குவியல் அது. மலையாளத்தில் பட்டட என்றால் ஈமத்துக்கு அடுக்கிய விறகு. லெக்சிகனிலும் பட்டடைக்கு விறகுக் குவியல் என்ற பொருள் இருக்கிறது. பட்டறிவு அறைக்காரர்கள் வெங்காயத்துக்கு என்ன அறிவு வந்தது என்று சொல்லவேண்டும்.

தச்சனுக்குப் பட்டறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இழைப்புளி காட்டும். இழைப்பு, உளி என்று அந்தப் பெயர் தானே பிரிந்து நிற்கிறது. கட்டைக்குள் சாய்த்து இறுக்கிய உளிதான் இழைப்புளி. அதைத் தள்ளும் கை முன்னோக்கியும் கீழ்நோக்கியும் ஒரே நேரத்தில் அழுத்துகிறது. பலகைக்கு அடியில் இருப்பது ஆடினால் அலகு துள்ளும். சுருளாக வரவேண்டிய சீவல் துணுக்குத் துணுக்காக உதிரும். பலகையின் முகத்தில் குறுக்கே அலையலையாகத் தடம் விழும். விலையுயர்ந்த இழைப்புளி வாங்கினாலும் அந்தத் தடம் போகாது. அடியில் இருப்பது கனத்தால்தான் போகும்.

பிரெஞ்சுத் தச்சர் ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ 1769இல் வெளியிடத் தொடங்கிய தம் தச்சுநூலில் பட்டறையையே முதன்மையான கருவி என்கிறார். அவர் சொல்லும் மேற்பலகை ஐந்தாறு அங்குலத் தடிமன். நம் ஆசாரி தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, துளையடிக்க அடியில் ஒரு தடித்த கட்டையைப் போட்டுக்கொள்கிறார். உயரம்தான் வேறு, தாங்கும் வேலை ஒன்றே. நின்று இழைப்பவருக்கு, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எட்டும் உயரம் சரியாக இருக்கும்; நடுத்தர உயரமுள்ளவருக்கு 80 முதல் 85 செ.மீ. வேம்பே போதும், தேக்கு தேவையில்லை.

பட்டறையைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களும் இப்படித்தான் பந்தாடப்படுகின்றன. மேசையைத் தமிழ்வேரில் அடக்கப் பார்ப்பது வீண்வேலை. அலமாரி, சன்னல், சாவியோடு போர்த்துக்கீசியர் வழி வந்தது அது. கட்டிலை வடமொழிக் கட்வாவிலிருந்து இறக்குமதி செய்வதோ அதைவிடப் பெரிய தவறு. கட்டு என்ற வினை கண்முன்னே நிற்கிறது. கயிறோ வாரோ கட்டியது கட்டில். மோசிகீரனார் அறியாமல் ஏறித் தூங்கிய முரசுகட்டில் புறநானூற்றில் இருக்கிறது. பாண்டிமாதேவியின் பாண்டில் என்னும் வட்டக்கட்டிலை நெடுநல்வாடை யானைத் தந்தமும் கூருளிச் செதுக்கலுமாக விரிக்கிறது. வடமொழிச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று மொழியறிஞர் பலர் எழுதியாயிற்று.

ஒளவையாரின் புறப்பாட்டில் (87) நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று ஒற்றைச் சக்கரம் செய்கிறான். அந்த ஒரு மாதமும் அந்த மரம் எதன்மேலோ கிடந்து அடிபட்டிருக்கும். அதைப் பட்டடை என்று பாட்டு சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் தச்சனும் அதைப் பட்டடை என்றே சொல்லியிருக்கலாம். கூடம், சாலை, களரி, மனை என்று இடத்துக்குச் சொல்வளம் கொழித்த மொழி, அடிதாங்கும் கட்டைக்கு வைத்த பெயர் பட்டடை. பட்டறையின் வேர் அதுதான்.