தண்ணீருக்குத் தெரியாத பள்ளம்

குமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் தண்ணீரை 'வெள்ளம்' என்போம், கால்வாயைச் 'சானல்' என்போம். "சானல்ல வெள்ளம் விட்டாச்சா?" என்று அப்பா கேட்டால் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் வயல் கடைவரம்பில். அணை திறந்தாலும், வழியிலிருக்கும் எல்லா வயல்களும் குடித்து முடித்த பிறகுதான் எங்கள் முறை.

அந்த வெள்ளத்துக்கு வழியில் ஒரு கண்டம் இருந்தது. மாத்தூரில் கணியான்பாறை இந்தப் பக்கம், கூட்டுவாயுப்பாறை அந்தப் பக்கம், நடுவே பரளியாறு ஓடும் பள்ளம். பட்டணங்கால் சானல் மலைச்சரிவை ஒட்டியே, இறக்கத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்துக்கொண்டு வரும். ஓரடி கூடுதலாக இறங்கினாலும் கீழே அத்தனை மேட்டு வயல்கள் பாசனத்துக்கு வெளியே போய்விடும். அப்படிச் சேர்த்துவைத்த உயரத்தை ஆற்றுப் பள்ளத்தில் கொட்டிவிட முடியுமா?

குழாயில் இறக்கி மறுகரையில் ஏற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றலாம்தான். ஆனால் நூறடிக்கு மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் முழுவதையும் குழாயின் அடிவளைவு தாங்க வேண்டும். மலையிலிருந்து வரும் வண்டலும் அங்கேதான் தங்கும். பள்ளத்துக்கு மேலே தூண்களில் தாங்கிய திறந்த தொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, மண்வெட்டியோடு ஆள் இறங்கினால் போதும்.

1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. காமராசர் முன்னெடுத்த திட்டத்தில், 1966-இல் தொட்டிப்பாலம் எழுந்தது. 28 தூண்கள், 115 அடி உயரம், 1,204 அடி நீளம், செலவு 12 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். ஆசியாவிலேயே பெரியது என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் போட்டியில் அக்கறையில்லை. ஏழரை அடி அகலம், ஏழடி ஆழம் உள்ள தொட்டிதான் எனக்கு முக்கியம். மேலே சிமெண்டுப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். நடுப்பாலத்தில் நின்று பலகைகளின் இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் தென்னந்தலைகள் காலுக்குக் கீழே கிடக்கின்றன, வயிறு கலங்குகிறது. தொட்டிக்குள்ளோ வெள்ளம் வாய்க்கால் வரப்போரம் போவதுபோலச் சாவகாசமாகப் போகிறது. பள்ளம் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்கள் பலவற்றில் இன்று வாழையும் ரப்பரும் நிற்கின்றன. வெள்ளம் ஒழுங்காக வந்திருந்தால் நெல் நின்றிருக்கும் என்று அப்பா கடைசிவரை சொன்னார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. வெள்ளம் வந்த இடத்திலும் நாற்று நட ஆள் வரவில்லை.

பாலம் பார்க்கப் பெரும்பாலோர் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில் வருகிறார்கள். அப்போது அணை அடைத்திருக்கும், தொட்டி காய்ந்து கிடக்கும். வருவதென்றால் ஜூனில் அணை திறந்த பிறகு வாருங்கள்.