கடல் கடந்த கற்கள்

சாலொமோன் எருசலேமில் ஆலயம் கட்டிய வரலாற்றை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அதன் பொன்னும் கேருபீன்களும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால், அந்த ஆலயத்தின் மரங்கள் கடல்வழியே வந்தவை என்பதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். லீபனோனில் வெட்டப்பட்ட கேதுரு மரங்கள் தெப்பங்களாகக் கட்டப்பட்டு, தீருவின் அரசன் ஈராமின் ஆட்களால் யோப்பாத் துறைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்து அவை மலையேறி எருசலேமை அடைந்தன. சுமை சுமந்தோர் 70,000 பேர் என்று இராஜாக்களின் புத்தகம் கணக்குத் தருகிறது. அவர்களில் ஒருவருடைய பெயரும் அங்கே எழுதப்படவில்லை.

இந்த வாரம் அந்தப் பெயரற்றவர்களை மனத்தில் கொண்டு, நம்முடைய வடசென்னைக் கரையைச் சற்றே நோக்குவோம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே இடம் பெற்ற நாள்முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓயாது அலைகள் புரண்டன. அவற்றைத் தாண்டிய கலம் மசூலாப் படகு. அதன் பலகைகளில் ஆணி கிடையாது. தென்னைநார்க் கயிற்றால் அவை தைக்கப்பட்டிருந்தன. ஆணி அடித்து இறுக்கிய படகு அலை மோதி நிலத்தில் விழும்போது உடையும். தைத்த படகோ வளைந்துகொடுத்துப் பிழைக்கும். நகரத்துக்கு வந்த ஒவ்வொரு சரக்கும் இந்தப் படகோட்டிகளின் கைகளில்தான் கரையேறிற்று.

இங்கிருந்து கற்களும் கடல் கடந்தன. கல்கத்தாவோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக் 1693-இல் மரித்தார். அந்நகரின் புனித யோவான் ஆலய வளாகத்திலுள்ள அவருடைய கல்லறைமேல் கரிய கல் ஒன்று கிடக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் பாறையே என்று அடையாளம் கண்டார். சார்னாக்கின் பெயராலேயே அப்பாறை வகைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்று அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். துறைமுகமில்லாத காலத்தில், அத்தனை கனமான கல்லை அலைகளின்மேல் கப்பலுக்குக் கொண்டுசேர்த்தவர்களை யார் அறிவார்?

அந்தப் படகோட்டிகளில் பலர் குடியேறிய இடமே ராயபுரம். நம் வேதாகமத்தில் பேதுரு என்று வாசிக்கும் சீஷரைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் இராயப்பர் என்று அழைத்தது. அவர் பெயரால் ஊரும் விளங்கிற்று. 1820-களில் படகோட்டிச் சமூகத்தார் தாங்களே பொருள் சேர்த்து அங்கே புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினார்கள். பிறருடைய மாளிகைகளுக்கும் கிடங்குகளுக்கும் பொருள் சுமந்தவர்கள், தங்கள் ஆண்டவருக்கென்றும் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள்.

1856 ஜூன் 28 அன்று ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அந்த நிலையத்தின் உயர்ந்த தூண்களை இன்றும் நீங்கள் காணலாம். தண்டவாளங்களும் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அந்த ஆண்டில் சென்னையில் ஓர் இறங்குதுறைகூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் இரும்புத் துறை 1861-இல்தான் கடலுக்குள் நீண்டது; 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. அப்படியானால், இரும்பு யுகத்தை நம் கரையில் இறக்கியது கயிற்றால் தைத்த படகுதான்.

பின்னர் உண்மையான துறைமுகம் ஒன்றைக் கட்ட முடிவாயிற்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். பொறியாளர் வில்லியம் பார்க்ஸின் திட்டப்படி, கல்லாலும் கான்கிரீட்டாலும் இரண்டு கரங்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. வேலை முடிவை நெருங்கியபோது, 1881 நவம்பர் 12-ஆம் நாள் வீசிய புயல் அவற்றைப் பெருமளவில் தகர்த்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேர்ந்து இடர் தந்தபடியால், 1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைமையில் இருந்த ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் அது அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது.

ஆனால் கடல் தன் கணக்கை வேறிடத்தில் எழுதிற்று. இக்கரையோரம் மணல், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. துறைமுகத்தின் கரங்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து, மெரினா இன்று நாம் காணும் அகலத்தைப் பெற்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால், ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. மீனவர் வீடுகளும் வலை உலர்த்திய மணற்பரப்பும் கடலுக்குள் போயின. மேலும் கரை இழக்காதிருக்க, கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். அந்தக் கற்களுக்கு அப்பால் படகை இழுத்துவிட மணல் ஏது? ஒரு காலத்தில் நகரத்தையே கரைசேர்த்தவர்களின் ஊருக்குக் கரை குறைந்துபோனது.

இன்றும் நம் மாநிலத்தின் கற்கள் கப்பலேறுகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கிரானைட், ஐரோப்பாவில் தளங்களாகவும் ஜப்பானில் கல்லறைக் கற்களாகவும் நிற்கிறது. ஒரு கனமீட்டர் கிரானைட் ஏறக்குறைய 2.7 டன் எடை கொண்டது. இருபதடிக் கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கனமீட்டர். எனினும் 10 கனமீட்டர் கல் ஏற்றியவுடனே அது சுமக்கக்கூடிய எடை நிறைந்துவிடுகிறது. மீதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கல் அசையாதபடி மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்துக் கட்டவேண்டும். அது நகர்ந்தால் கப்பலுக்கே ஆபத்து. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையை அறிவிக்காமல் எந்தக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றலாகாது என்பது உலக விதி. எடையைக் குறைத்துச் சொல்பவன் தனக்கு லாபம் தேடி, முகமறியாத மாலுமியின் உயிரைப் பணயம் வைக்கிறான். கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகள் ஏன் அத்தனை கடுமையாய்ப் பேசுகின்றன என்பது இங்கே நமக்கு விளங்குகிறது.

பிரியமானவர்களே, கட்டுவது நல்லது. துறைமுகம் இல்லாதிருந்தால் இந்த நகரம் இவ்வளவு வளர்ந்திராது. எனினும் கட்டுகிறவன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு: இதன் பாரத்தைச் சுமந்தவர் யார்? இதனால் கரையை இழந்தவர் யார்? நம் வீட்டின் வாசற்படியைக் குறித்தும், நம் சபை கட்டும் புதிய மண்டபத்தைக் குறித்தும் இவற்றைக் கேட்கலாம். கூலி முழுவதும் கொடுக்கப்பட்டதா, மழைநீர் அடுத்த வீட்டுக்குள் திரும்புகிறதா என்று பார்ப்பதும் ஆராதனையின் ஒரு பகுதியே.

பேதுரு என்ற பெயருக்குக் கல் என்பது பொருள். அந்தப் பெயரை ஆண்டவர் ஒரு படகுக்காரனுக்கே கொடுத்தார். அடுத்த முறை ராயபுரம் வழியே செல்லும்போது, அந்த ஆலயத்தருகே சற்று நில்லுங்கள். பின்பு கிழக்கே நடந்து, கடலோரத்தில் அடுக்கியிருக்கும் கற்களையும் பாருங்கள். பெயர் எழுதப்படாதவர்களுக்காக அங்கே ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.